எத்தனை ஞாயிறு கைக்கு வரும்? பெங்களூரில் ஆராதனைப் பயிற்சிக்கு இருக்கும் வழிகள்

அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டாள். வேலைக்குப் போவாள் என்று வீடே காத்திருக்க, "ஒரு வருஷம் ஒர்ஷிப் இன்டர்ன்ஷிப் பண்ணப்போறேன் மாமா" என்று வந்து நிற்கிறாள். கையில் மூன்று விண்ணப்பப் படிவங்கள். அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. "நீதான் சர்ச்சுல மைக்கு, மிக்ஸர்னு கிடக்கிறியே, எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

நான் பாடகன் கிடையாது. லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் பதினெட்டு வருடமாக சவுண்ட் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவன். ஆராதனை நடத்துகிறவர்களில் யார் வளர்ந்தார்கள், யார் அப்படியே நின்றார்கள் என்பதை அந்த மூலையிலிருந்து பார்த்த அளவுக்குத்தான் என் அறிவு. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் விசாரித்தேன். ஏற்கெனவே இப்படிப் போய்வந்த பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் பிடித்துக் கேட்டேன். பிள்ளைகள் சொல்லாததை அம்மாக்கள் சொன்னார்கள்.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. எல்லாப் படிவத்திலும் 'தலைத்துவம்', 'சீஷத்துவம்', 'படைப்பாற்றல்' என்று ஒரே சொற்கள்தான். இரண்டே கேள்விகள் கேட்டேன். இந்தப் பயிற்சியில் எத்தனை ஞாயிறு வேலை அவள் கைக்கு வரும்? அவள் செய்த தப்பைத் திங்கட்கிழமை உட்காரவைத்துச் சொல்ல ஆள் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும். டெஸ்க்கில் உட்கார்ந்த முதல் வருடம், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதைப் பற்றிய பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரசங்கம் செய்தவருக்குக் குரல் மெல்லியது. பின்வரிசையில் ஒரு பெரியவர் காதில் கை வைத்துக் காட்டினார். நான் பிரசங்க பீட மைக்கை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஆலயம் முழுக்க அமைதியாக அழுதுகொண்டிருந்த நேரத்தில் மைக் கூவியது பாருங்கள், இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. எனக்கு முன்னால் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்ட அண்ணன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. திங்கள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, காலியான ஆலயத்தில் மைக்கை வைத்து, வேண்டுமென்றே கூவவைத்தார். எந்த இடத்தில் கூவுகிறது என்று ஈக்வலைசரில் தேடிப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் குறைத்தார். ஆண் குரலுக்கு 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தேவையில்லை என்று வெட்டிக் காட்டினார். கல் சுவரும் உயரக் கூரையும் உள்ள பழைய ஆலயத்தில் ஒலியை ஏற்ற ஏற்ற எதிரொலிதான் ஏறும், வார்த்தை ஏறாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு மணி நேரம். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் போன எந்த வகுப்பும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகவில்லை.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

பெரிய ஆங்கில சபையின் இன்டர்ன்ஷிப்

பெங்களூர் என்றதும் பிள்ளைகள் மனதில் ஓடுவது இதுதான். நகரின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும் சபைகள் இருக்கின்றன. இவற்றில் சில, பத்து மாதம், ஒரு வருடம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. வார நாட்களில் அலுவலக வேலையும் வேதாகம வகுப்பும், சாயங்காலம் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரண்டு மூன்று ஆராதனை. சில இடத்தில் கட்டணம் வாங்குகிறார்கள், சில இடத்தில் இலவசம், அபூர்வமாகக் கைச்செலவுக்குக் கொஞ்சம் தருகிறார்கள்.

இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. நம் சபையில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் பாட்டு வரும். அங்கே அந்த வாரத்துப் பாட்டு, ஸ்கேல், வேகம் எல்லாம் நாலைந்து நாள் முன்னாலேயே செயலியில் வந்துவிடுகிறது. ஒத்திகைக்கு வருகிறவர் பாட்டைக் கற்றுக்கொள்ள வருவதில்லை. கற்றுக்கொண்டு வந்து, சேர்ந்து வாசித்துப் பார்க்கிறார். காதில் இயர்பீஸ், அதில் வேகம் காட்டும் மெட்ரோனோம் தட்டிக்கொண்டே இருக்கும். டிரம்மரும் கீபோர்டும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஓடும் பிரச்சினை போய்விடும். டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொரு ஆராதனைக்கும் ஒரு 'சீன்', அதாவது ஒலி அமைப்பு முழுவதையும் அப்படியே சேமித்து வைத்திருப்பார்கள். பாட்டு வரியைத் திரையில் மாற்றுகிறவர், அந்த வரியின் கடைசி வார்த்தை பாடப்படும்போதே அடுத்ததைப் போடப் பழகியிருப்பார். கேட்டால் சின்ன விஷயம். அரை நொடி தாமதித்தால் சபை பாடுவதை நிறுத்திவிடும்.

முக்கியமாக, ஆராதனை முடிந்ததும் அன்றைக்கு எது சரி, எது சரியில்லை என்று உட்கார்ந்து பேசும் பழக்கம் அவர்களில் பலரிடம் இருக்கிறது. என் இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் உண்டு.

முதல் கேள்வியில்தான் இடிக்கிறது. எனக்குத் தெரிந்தவர் மகன் ஒருவன் இப்படி ஒரு சபையில் பத்து மாதம் இருந்தான். பெயர் வேண்டாம். நாற்பத்து மூன்று ஞாயிறு. அவற்றில் அவன் கிதாரோடு மேடை ஏறியது ஒன்பது முறை. மற்ற நாளெல்லாம் நாற்காலி போட்டான், கார் நிறுத்தத்தில் கொடி பிடித்தான், சிறுவர் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான். "ஊழியம்னா எல்லாம்தான்" என்றார்களாம். வாஸ்தவம்தான், நானும் நாற்காலி போட்டவன்தான். ஆனால் நாற்காலி போடப் பத்து மாதமும் கட்டணமும் தேவையில்லையே! குறை அவர்கள் மேல் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். நல்ல வாத்தியக்காரர்கள் வரிசையில் நிற்கும் சபை அது. புதுப்பிள்ளைக்கு முறை வர நாளாகத்தான் செய்யும்.

இன்னொன்று மொழி. அங்கே பாட்டு ஆங்கிலம், ஊடே கொஞ்சம் ஹிந்தி. அவள் நாளைக்கு எங்கே பாடப்போகிறாள் என்பதைப் பொறுத்தது இது. ஆங்கில சபையில் தொடர்வாள் என்றால் தடையே இல்லை. தமிழ்ச் சபைக்குத் திரும்பப்போகிறாள் என்றால், அங்கே பழகிய பாட்டுகளில் பாதி இங்கே ஒருமுறைகூடப் பாடப்படாது.

இந்த வழியில் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டியவை சில. போன வருடம் பயிற்சி எடுத்த இரண்டு பேரின் எண் தருவார்களா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விடுமுறை நாள் எது? இரவு ஒத்திகை முடிந்து பெண்பிள்ளை எப்படி வீடு திரும்புவாள்? புகார் என்று ஒன்று வந்தால், நேரடியாகப் பயிற்சி தருகிறவரைத் தாண்டி யாரிடம் போவது? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவர்கள் இடத்தில் நம் பிள்ளையை விடவேண்டாம். ஆவிக்குரிய காரியத்தில் இதெல்லாம் கேட்கலாமா என்று அக்கா தயங்கினாள். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கொடுக்கும் சான்றிதழுக்குக் கல்லூரியிலோ வேலைக்கோ மதிப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. தெரிந்துகொண்டு போனால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

மிஷன் விடுதிப் பயிற்சி

இரண்டாவது படிவம் 'ஒய்வாம்' என்று நம் ஆட்கள் சொல்லும் யூத் வித் எ மிஷனுடையது. 1960-இல் அமெரிக்காவில் தொடங்கி, உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள அமைப்பு. அதன் நுழைவாயில் டி.டி.எஸ். என்ற சீஷத்துவப் பயிற்சி. ஏறக்குறைய 12 வாரம் விடுதியில் தங்கி வகுப்பு, பிறகு 8 முதல் 12 வாரம் வெளியூரில் ஊழியம். ஆராதனைக்கென்றும் கலைக்கென்றும் தனிப் பயிற்சிகள் அவர்களிடம் உண்டு. ஆனால் டி.டி.எஸ். முடித்துவிட்டுத்தான் அவற்றுக்குள் நுழையமுடியும்.

இதை இசைப் பயிற்சி என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். டி.டி.எஸ். என்பது ஆளைப் பக்குவப்படுத்தும் முயற்சி. விடியற்காலை தியானம், பாத்திரம் கழுவும் முறை, ஆறு பேர் அறை, அறிமுகமில்லாத ஊரில் தெருநாடகம். கீபோர்டு வாசிப்பது அதில் ஓர் ஓரத்தில் வரும். நாடகம், மௌன நடிப்பு, தெருவில் ஆடிப்பாடுவது போன்றவற்றில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு அந்த வெளியூர் வாரங்கள் நல்ல தீனி. மேடையும் ஸ்பீக்கரும் இல்லாத கிராமத்தில் ஒரு டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது பேரைப் பாடவைக்கக் கற்றுக்கொண்டால் அது சாகும்வரை உதவும்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். ஐந்தாறு மாதப் பயிற்சி எந்த மாதத்தில் தொடங்குகிறது? ஜனவரியில் தொடங்கினால் லெந்து நாட்களும் ஈஸ்டரும் அதற்குள் வந்துவிடும், கிறிஸ்துமஸ் வராது. ஜூலையில் தொடங்கினால் தலைகீழ். ஆராதனை வேலையில் வருடம் முழுக்க ஒரே சாயல் கிடையாது. குருத்தோலைப் பவனிக்கு நடந்துகொண்டே பாடவேண்டும், மிக்ஸர் கூட வராது. அறுப்பின் பண்டிகையில் ஏலம் போடுகிறவர் கையிலிருந்து மைக்கைத் திரும்ப வாங்குவதே ஒரு கலை. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், குளிரில் சுருதி மாறும் கிதாரோடு விடியவிடிய. முழு வருடத்தையும் ஒரே சபையில் பார்த்தவருக்கும் அரை வருடம் பார்த்தவருக்கும் வித்தியாசம் தெரியும்.

இறையியல் கல்லூரி

மூன்றாவது படிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூர் இதற்குப் பேர்போன ஊர். மில்லர்ஸ் ரோட்டில் 1910-இல் தொடங்கிய யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் இருக்கிறது, கொத்தனூர் பக்கம் சயாக்ஸ் இருக்கிறது, இன்னும் பல. ஐயராக, அதாவது சபைப் போதகராக வேண்டும், வேதத்தை மூலமொழியில் படிக்கவேண்டும் என்ற அழைப்பு இருப்பவர்களுக்கு அவை. வாரக்கடைசியில் சபைகளுக்கு அனுப்பிப் பழக்குவதும் உண்டு. பாட்டுக்காக மட்டும் வருடக்கணக்கில் ஓடும் படிப்பில் சேருவது, இட்லிக்காக அரிசி மில் வாங்குவது மாதிரி. அவளே அந்தப் படிவத்தை மடித்து வைத்துவிட்டாள்.

கத்தோலிக்கர் போட்ட பாதை

இந்த வழி படிவங்களில் இல்லை, நானாகச் சேர்த்தது. அவளுக்குக் கொஞ்சம் பரதம் வரும். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். எங்கள் சபையில் ஆடுவதற்கு இடமே இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கலையும் ஆராதனையும் சேர்ந்த விஷயத்தில் நம் ஊரிலேயே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஹட்சின்ஸ் ரோட்டில் உள்ள என்.பி.சி.எல்.சி. என்னும் கத்தோலிக்கரின் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் 1967-இல் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி நடத்தியவர் தமிழரான பாதிரியார் டி.எஸ். அமலோற்பவதாஸ். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த கையோடு, இந்தியச் சூழலில் திருப்பலி எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டவர். தரையில் உட்காருவது, மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி போன்றவற்றை உள்ளடக்கிய பன்னிரண்டு அம்சங்களுக்கு 1969-இல் ரோம் அனுமதி தந்ததில் அவர் பங்கு பெரியது. அன்றைக்கு அதற்கு எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் ஜோதி சாஹியைப் பற்றித் தேடிப் பார்க்கலாம். பெங்களூரை ஒட்டிய சில்வேபுராவில் கலை ஆசிரமம் அமைத்தவர். இந்திய மண்ணின் சாயலில் கிறிஸ்துவை வரைந்தவர்.

முறையாகப் பட்டமே வேண்டும் என்றால் திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. 1977-இல் திருச்சபையின் கலை மையமாகத் தொடங்கி, பரதமும் குரலிசையும் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரும் இடமாக வளர்ந்தது. நான் பார்த்த எல்லாவற்றிலும் பல்கலைக்கழகப் பட்டத்தோடு கலையைத் தருவது இதுதான். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் படிக்கிறார்கள். ஆனால் அது ஒரு வருடப் பயிற்சி கிடையாது, ஊரும் மாறவேண்டும்.

எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் 'பரதம் இந்துக்களுடையது' என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி வடிவத்தில் பெத்லகேமைப் பாடி இருநூறு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

சொந்தச் சபை

நாலும் பார்த்தாயிற்று. மிச்சம், யாரும் படிவம் அச்சடிக்காத வழி. இருக்கிற சபையிலேயே ஒரு வருடம், முறைப்படி.

சிரிக்காதீர்கள். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எங்குமே கிடையாது. காலை ஏழு மணி ஆராதனை, சாயங்கால ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், மாதக்கடைசி உபவாச ஜெபம். ஆள் பற்றாக்குறையோ எப்போதும் உண்டு. 'வாசிக்கத் தெரியும்' என்று சொன்ன மறுவாரம் கீபோர்டு உங்கள் கையில். ஐம்பத்திரண்டு ஞாயிறும் கைக்கு வரும், அதற்கு மேலும் வரும்.

கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன்.

கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணம். நம் கீபோர்டுப் பிள்ளைகள் தலைப்பைப் படிக்காமல் நேராகக் 'கார்டு' (chord) வாசிக்கப் போய்விடுவார்கள். சங்கராபரணம் என்றால் தப்பித்தார்கள், அது மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போகும். மாயாமாளவகௌளையில் ரிஷபமும் தைவதமும் இறங்கி நிற்கும். அங்கே போய் வழக்கமான மேஜர் ஸ்கேல் கார்டுகளை வைத்தால் பாட்டு ஒருபக்கம், கீபோர்டு ஒருபக்கம் உரசிக்கொண்டே போகும். சபை அதற்கும் பாடிவிடும், பாவம். எந்த ஆங்கில சபை இன்டர்ன்ஷிப்பும் இதைச் சொல்லித் தராது.

அப்புறம் சுருதி. ஆல்பத்தில் பாடுகிறவர் உச்சியில் பாடுகிறார் என்று நாமும் அதே ஸ்கேலில் தொடங்கினால் மூன்றாவது வரியில் பாதி சபை வாயை மூடிக்கொள்ளும். மேல் டி (D) ஸ்வரத்தைத் தாண்டி ஏறும் பாட்டைக் காலை ஏழு மணிக்கு அறுபது வயது அம்மாவால் பாடமுடியாது. எத்தனை இறக்கினால் ஆண்கள் அடியில் முனகாமல், பெண்கள் மேலே திணறாமல் இருப்பார்கள் என்பதைச் சொந்தச் சபையின் குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது, பெங்களூருக்கே உரிய தலைவலி. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் ஹிந்தியும் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், படிக்க வராது. அதனால் திரையில் பாட்டு இரண்டு எழுத்தில் போகவேண்டும், தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று. பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து பெரிதாக வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்லைடில் வைத்தால் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. பழைய கணினியில் உள்ள ஆயிரம் பாட்டு பாமினி எழுத்துருவில் அடித்தது. புது கணினியில் திறந்தால் கர்த்தர் நாமம் இருந்த இடத்தில் அரைப்புள்ளியும் சதுரப் பெட்டியும் வரும். ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றவேண்டும். என் அக்கா மகளும் தமிழ் படிக்கத் தெரியாதவள்தான். கே.ஜி.எஃப்.பில் சுரங்க வேலை பார்த்துக்கொண்டே பாடகர் குழுவில் இருந்த எங்கள் அப்பாவுக்கு முந்நூறு கீர்த்தனை மனப்பாடம். அவருடைய பேத்திக்கு அந்தப் புத்தகம் வெறும் கோடுகள். ஒரு வருடத்தில் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாலே எனக்கு அது பெரிய பயிற்சி.

நேரலை போடும் சபைகளில் இன்னொரு விஷயம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டைப் பாடுவதற்கு விலக்கு தருகிறது. அதைப் பதிவுசெய்து யூடியூபில் வைத்திருப்பது வேறு சமாச்சாரம். அங்கே உரிமையாளரின் கோரிக்கை வந்து வீடியோவின் சத்தம் அடைபடுவதை எத்தனையோ சபைகள் பார்த்தாயிற்று. இதையெல்லாம் யாராவது ஒரு பிள்ளை உட்கார்ந்து தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் சொந்தச் சபை தோற்றுப்போகிறது, அதுவும் மோசமாக. நம்மிடம் திருத்துகிற ஆள் இல்லை. பாடி இறங்கினால், "நல்லா இருந்துச்சும்மா, கர்த்தர் ஆசீர்வதிப்பார்" என்பதோடு முடிந்தது. இல்லையென்றால் வாசலில் ஒரு பெரியவர் பிடித்து, "சத்தம் ஜாஸ்தி" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. இருபது வருடம் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்துகொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் பிரியம் உண்டு என்பதால் மேலே சொல்லவில்லை.

வாசிப்பைத் திருத்த வெளியே ஆள் கிடைக்கும். அவள் டிரினிட்டி இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்தவள். எட்டு வரை போகலாம். இன்னொரு தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்றால் ஆறாம் கிரேடுக்கு முன்னால் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான தேர்வோ கட்டாயம், டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. 1987-இலிருந்து நடக்கும் பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் ஆர்.டி. நகரில் இருக்கிறது, தனி ஆசிரியர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கீர்த்தனைக்காக ஒரு கர்நாடக சங்கீத டீச்சரிடம் ஆறு மாதம் போனால் இன்னும் நல்லது. செலவு மாதாமாதம்தான், வீட்டுச் சாப்பாடு வேறு. ஓசூரிலிருந்தோ வேலூரிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் பி.ஜி. வாடகையும் சேர்ந்துவிடும் என்பதால் கணக்கு மாறும். அவர்கள் தங்குமிடத்தோடு வரும் பயிற்சியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

என் தீர்ப்பு

யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். வீட்டைவிட்டு வெளியே நின்றதில்லை, தன்னைப் பற்றியே இன்னும் தெளிவில்லை என்கிற பிள்ளைக்கு டி.டி.எஸ். நல்லது, இசையை மனதில் வைக்காமல் போகட்டும். ஏற்கெனவே நன்றாக வாசிக்கிற, ஆங்கில சபையிலேயே தொடரப்போகிற பிள்ளைக்குப் பெரிய சபை. அதுவும் 'மாதத்துக்கு இத்தனை ஞாயிறு மேடையிலோ டெஸ்க்கிலோ' என்று எழுத்தில் தந்தால் மட்டும். நாட்டியம்தான் உயிர் என்றால் திருச்சிக்கு ரயில் ஏறலாம். தமிழ்ச் சபைக்கே திரும்பி வரப்போகிற பிள்ளைக்குச் சொந்தச் சபைதான். ஆனால் 'சும்மா வந்து வாசி' என்கிற மாதிரி இல்லாமல், ஐயர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளோடு. எந்த ஆராதனைகள் அவள் பொறுப்பு, ஒத்திகை எந்தக் கிழமை, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, பயணத்துக்குச் சபை என்ன தரும், யார் கேட்டுத் திருத்துவார் என்று ஐந்து வரி.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் அக்கா வீட்டில் விளக்கினேன். அக்காவுக்கு மகள் வீட்டிலேயே இருப்பாள் என்றதும் பாதித் தூக்கம் திரும்பிவிட்டது. அவள் மட்டும் தாளில் ஐந்தாவது வரியைக் காட்டினாள்.

"திருத்த ஆளே இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இதுல யார் பேரை எழுதறது?"

கர்நாடக டீச்சர் பாட்டைப் பார்ப்பார், கீபோர்டுக்கு மாஸ்டர் இருக்கிறார் என்று இழுத்தேன்.

"அவங்க யாரும் ஞாயித்துக்கிழமை நம்ம சர்ச்சுல இருக்க மாட்டாங்களே மாமா. நீங்க பதினெட்டு வருஷமா பின்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க? யாருக்காவது ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

சொன்னதில்லை. அக்கா எழுந்து காபி போடப் போய்விட்டாள்.

ஐந்தாவது வரியில் என் பெயர் இருக்கிறது. திங்கள் சாயங்காலம் ஏழரைக்கு ஆலயத்தின் பக்க அறையில் முந்தின நாள் பதிவைப் போட்டுக் கேட்கிறோம். கிதார் பையன் ஒருவனும் ஸ்லைடு போடுகிற பெண்ணும் தாங்களாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் நான் அவளுக்கு நான்கு தப்பு சொன்னேன். இரண்டாவது வாரம், ஜெபத்துக்கு அடியில் கீபோர்டை நான் தாமதமாகத்தான் குறைக்கிறேன் என்று அவள் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினாள். மூன்று இடத்தில்.